குளிரூட்டிக்கு அருகே ஒரு பிளக் பொயின்ற்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாடிக் கடையொன்றில் குளிரூட்டியின் வெளி யுனிற் மொட்டைமாடியில் இருந்தால், திருத்துநரின் கழுவும் பம்புக்கும் துளைகருவிக்கும் கீழ்த்தளத்திலிருந்தே வயர் இழுக்க வேண்டும். யன்னலில் நசிந்து, கழுவும் நீரில் கிடக்கும் வயரில் ஓடுவது 230 வோல்ற்.

அமெரிக்க மின்விதித் தொகுப்பின் 210.63ஆம் பிரிவு, இத்தகைய கருவிக்கு 25 அடிக்குள், அதே மட்டத்தில் பிளக் பொயின்ற் இருக்கவேண்டும் என்கிறது. குளிரூட்டியின் சுவிச்சை நிறுத்தினாலும் அதில் மின் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் துளைகருவியும் நின்றுவிடும். இலங்கையில் பின்பற்றப்படும் பிரித்தானிய பி.எஸ். 7671 விதிகள் பராமரிப்புக்கான துண்டிப்புச் சுவிச்சைக் கேட்கின்றன, பிளக் பொயின்றைக் கேட்பதில்லை. இங்கும் அது கட்டாயமாக வேண்டும், குறைந்தது மாடிக் கட்டடங்களுக்காவது. மழை புகாத பெட்டியும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் வயரிங் நடக்கும்போதே பொருத்தினால் செலவு சொற்பம். பூச்சு முடிந்தபின் சுவரை வெட்ட வேண்டும்.