அயர்லாந்து நாடாளுமன்றம்: எதிர்க்கட்சிகளின் கேள்விக்குப் பிரதமர் பதில் சொல்லும் நேரம்

காஸா மீதான போர் தொடங்கியதிலிருந்து, அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபலஸ்தீன மக்களுக்காக ஆவேசமாகப் பேசும் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தொடர்ந்து வலம் வருகின்றன. "அயர்லாந்து இப்படிச் சொல்லிவிட்டது" என்ற குறிப்போடு அவற்றை நாமும் பலருக்கு அனுப்பியிருப்போம். ஆனால் அந்தக் காணொளியில் பேசுபவர் யார்? ஆளும் கட்சிக்காரரா, எதிர்க்கட்சிக்காரரா? எதிரில் அமர்ந்திருப்பவர் என்ன பதில் சொன்னார்? அந்தப் பேச்சினால் சட்டம் ஏதும் மாறியதா? இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பகிர்ந்தால், ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் கோரிக்கையை ஒரு நாட்டின் முடிவாக எண்ணிக்கொள்ளும் தவறு நேர்ந்துவிடும். எனவே அந்த அவையில் கேள்வியும் பதிலும் எப்படி நடக்கின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அவையும் ஆட்களும்

அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கீழவையின் பெயர் 'டால்'. மேலவையின் பெயர் 'ஷனட்'. டாலின் முதல் கூட்டம் 1919 ஜனவரி 21 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை ஏற்க மறுத்தவர்களால் டப்ளின் நகரின் மேன்ஷன் ஹவுஸில் கூட்டப்பட்டது. இப்போது இரு அவைகளும் டப்ளினில் உள்ள லின்ஸ்டர் ஹவுஸில் கூடுகின்றன.

2024 நவம்பர் 29 அன்று நடந்த பொதுத்தேர்தலுக்குப் பின் டாலில் 174 உறுப்பினர்கள் உள்ளனர். அதற்கு முன் 160 பேர் இருந்தனர். பிரதமரை ஐரிஷ் மொழியில் 'டீஷக்' என்கிறார்கள். தலைவர் என்று பொருள். துணைப் பிரதமர் 'டானிஷ்ட'. பிரதமரின் பெயரை டால் முன்மொழிய, குடியரசுத் தலைவர் அவரை நியமிக்கிறார்.

1937ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், அரசாங்கம் டாலுக்குப் பொறுப்புடையது என்று தெளிவாகச் சொல்கிறது. டாலின் பெரும்பான்மை ஆதரவை இழந்த பிரதமர் பதவி விலக வேண்டும், அல்லது அவையைக் கலைக்கக் கோர வேண்டும். நமது இந்திய அரசியலமைப்பில் உள்ள அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் இந்த ஐரிஷ் சாசனத்தைப் பார்த்தே எழுதப்பட்டவை என்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்திதான்.

மூன்று நிமிடக் கேள்வி, மூன்று நிமிடப் பதில்

அந்த அவையில் அதிகம் கவனிக்கப்படுவது 'தலைவர்கள் கேள்வி' எனப்படும் நேரம். அவை கூடும் வாரங்களில் செவ்வாய், புதன் கிழமைகளில் பிரதமரே வந்து பதில் சொல்கிறார். வியாழக்கிழமை வழக்கமாகத் துணைப் பிரதமர் அந்த இடத்தில் நிற்பார்.

எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் எழுந்து மூன்று நிமிடங்களுக்குள் தம் கேள்வியை வைக்கிறார். பிரதமருக்கு மூன்று நிமிடம். பிறகு கேட்டவருக்குத் துணைக் கேள்விக்காக ஒரு நிமிடம். முடிவாகப் பிரதமருக்கு ஒரு நிமிடம். ஆக, ஒரு தலைவருக்கு எட்டு நிமிடம். அடுத்து வேறொரு கட்சி அல்லது குழுவின் முறை வரும்.

இதில் முக்கியமானது, என்ன கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தரத் தேவையில்லை என்பது. மருத்துவமனைப் படுக்கை, வீட்டு வாடகை, காவல்துறை, காஸா என எதைப் பற்றியும் கேள்வி வரலாம். நம் மக்களவையின் கேள்வி நேரத்தில் முன்னறிவிப்புக் கொடுத்த கேள்விகளே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அமைச்சர் தயாரித்த பதிலோடு வருகிறார். டப்ளினில் இந்த நேரத்தில் பிரதமர் எல்லாத் துறைகளையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

இதைத் தவிர, முன்னறிவிப்போடு கேட்கப்படும் கேள்விகளும் உண்டு. பிரதமரிடம் அவரது துறை சார்ந்த கேள்விகள் தனியாகக் கேட்கப்படுகின்றன. மற்ற அமைச்சர்கள் முறை வைத்து வாய்மொழிப் பதில் சொல்கிறார்கள். எழுத்து மூலம் பதில் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்குப் பல்லாயிரம். கூட்டங்கள் பொதுமக்கள் பார்க்கும்படி நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அவைக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அந்தப் பேச்சு பற்றி விசாரிக்கும் அதிகாரம் அவைக்கு மட்டுமே உண்டு.

பதில் சொல்லாமல் போனதன் விலை

கேட்கும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? பதில் உண்மையாக இருக்க வேண்டுமே. இதற்கு அயர்லாந்து கற்ற பாடம் நம்மை இராக் வரை அழைத்துச் செல்கிறது.

1980களின் பிற்பகுதியில் இராக்குக்கு ஏற்றுமதியான மாட்டிறைச்சிக்கு ஐரிஷ் அரசு ஏற்றுமதிக் கடன் காப்பீடு வழங்கியது. இராக் பணம் தராவிட்டால் ஐரிஷ் மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டப்படும் என்பதே அதன் பொருள். யாருக்கு, எவ்வளவுக்கு, எதன் அடிப்படையில் இந்தக் காப்பீடு என்று எதிர்க்கட்சிகள் டாலில் கேட்டன. தெளிவான பதில் வரவில்லை. 1991இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று இறைச்சித் தொழிலின் முறைகேடுகளைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பிய பிறகுதான் நீதிபதி லியாம் ஹாமில்டன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. செலவும் மலைபோல் ஏறியது.

1994இல் அறிக்கை வெளியான அந்த விசாரணையின்போது நீதிபதி ஒரு கருத்தைச் சொன்னார். ஆணையத்தின் முன் கேள்விகளுக்குப் பதில் சொன்ன அதே விதத்தில் டாலிலும் பதில் சொல்லியிருந்தால், இந்த ஆணையமே தேவைப்பட்டிருக்காது, இவ்வளவு காலமும் பணமும் மிச்சமாகியிருக்கும் என்பதே அது. நாடாளுமன்றக் கேள்வியின் மதிப்பை இதைவிட எளிமையாக விளக்க முடியாது.

ஆட்சியைக் கவிழ்த்த கேள்விகள்

அதே 1994 நவம்பரில் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸின் அரசு கவிழ்ந்தது. சிறுவர்களிடம் பாலியல் கொடுமை செய்த பாதிரியார் ஒருவரை வட அயர்லாந்துக்கு ஒப்படைக்கக் கோரும் ஆணைகள், அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் ஏழு மாதங்கள் கிடப்பில் கிடந்தன. இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்திருந்த நிலையில், அந்தத் தலைமை வழக்கறிஞரையே உயர்நீதிமன்றத் தலைவராக ரெனால்ட்ஸ் நியமித்தார். டாலுக்கு முழுத் தகவலும் தரப்படவில்லை என்பதும் அம்பலமானது. கூட்டணியிலிருந்த தொழிற்கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, நவம்பர் 17 அன்று ரெனால்ட்ஸ் பதவி விலகினார். பொதுத்தேர்தல் இல்லாமலே, டிசம்பரில் ஜான் புரூட்டன் புதிய கூட்டணியோடு பிரதமரானார்.

அந்த நாட்களில் தொழிற்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் டாக்டர் மூஸாஜி பாம்ஜி. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த மனநல மருத்துவர். 1992 தேர்தலில் கிளேர் தொகுதியில் வென்று, டாலின் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். 1997 வரை அங்கு பணியாற்றினார். கத்தோலிக்கர்கள் மிகப் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு கிராமப்புறத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்தில் மாறிய பதில்

மக்தலீன் சலவைக்கூடங்கள் என்ற பெயரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லங்களில் ஐரிஷ் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டுக் கூலியின்றி வேலை வாங்கப்பட்டனர். கடைசிக் கூடம் 1996இல்தான் மூடப்பட்டது. 1922 முதல் சுமார் 10,000 பெண்கள் இவற்றுக்குள் சென்றதாகவும், அதில் கால்வாசிக்கும் மேற்பட்டவற்றில் அரசின் கை இருந்ததாகவும் ஒரு விசாரணைக் குழு 2013 பிப்ரவரி 5 அன்று அறிக்கை தந்தது.

அன்றே டாலில் எதிர்க்கட்சிகள் பிரதமர் எண்டா கென்னியிடம், அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்பீர்களா என்று கேட்டன. அவர் வருத்தம் தெரிவித்தார். முழுமையான மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பதில் பாதிக்கப்பட்ட பெண்களை மேலும் புண்படுத்தியது. கண்டனங்கள் குவிந்தன. கென்னி அந்தப் பெண்களில் பலரை நேரில் சந்தித்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். பிப்ரவரி 19 அன்று அதே அவையில் அரசின் சார்பில் முழு மன்னிப்புக் கேட்டபோது அவர் குரல் உடைந்தது. பார்வையாளர் மாடத்தில் அந்தப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். பின்னர் இழப்பீட்டுத் திட்டமும் வந்தது. ஒரு பிரதமர் முதலில் தவறாகப் பதில் சொன்னது பதிவில் இருந்ததால்தான் அதைத் திருத்த வேண்டிய கட்டாயமும் வந்தது.

ஃபலஸ்தீன்: கேள்விக்கும் முடிவுக்கும் இடையே

இப்போது நம் காணொளிகளுக்கு வருவோம். 2014 டிசம்பரில், எதிர்க்கட்சியான ஷின் ஃபேன் கொண்டுவந்த, ஃபலஸ்தீனை அங்கீகரிக்கக் கோரும் தீர்மானம் டாலில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். அரசு உண்மையில் அங்கீகரித்தது 2024 மே 28 அன்று, சைமன் ஹாரிஸ் பிரதமராக இருந்தபோது. இடையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது.

ஆக்கிரமிப்புப் பகுதிகளில் உள்ள சட்டவிரோதக் குடியிருப்புகளோடு வணிகத்தைத் தடை செய்யும் மசோதாவும் அப்படித்தான். சுயேச்சை மேலவை உறுப்பினர் ஃபிரான்சிஸ் பிளாக் அதை 2018இல் கொண்டுவந்தார். வணிகக் கொள்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம் என்று சொல்லி அரசு பல ஆண்டுகள் எதிர்த்தது. இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துரைத்த பின் அரசின் நிலை மாறியது. 2025 ஜூனில் அரசே ஒரு வரைவை வெளியிட்டது. அது பொருள்களின் இறக்குமதியை மட்டும் தடை செய்வதாக இருந்தது. சேவைகளையும் சேருங்கள் என்று எதிர்க்கட்சிகள் வாராவாரம் பிரதமரை நெருக்கின.

ஆக, காணொளியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கேள்வியை மட்டுமே. பதிலையும் அதன் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுச் செய்தி கிடைக்கும்.

யார் எதிர்க்கட்சி?

கேள்வி நேரத்தின் மதிப்பை அந்நாட்டுக் கட்சிகள் எவ்வளவு உணர்ந்திருக்கின்றன என்பதற்கு 2025இன் தொடக்கம் சான்று. புதிய அரசுக்கு ஆதரவு தந்த சுயேச்சைகள் சிலர், எதிர்க்கட்சிகளுக்கு உரிய பேச்சு நேரத்திலும் பங்கு கேட்டனர். அரசை ஆதரிப்பவரே அரசைக் கேள்வி கேட்பதாக எப்படி நடிக்க முடியும் என்று எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. ஜனவரி 22 அன்று அமளியால் அவை பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, பிரதமர் தேர்வே நடக்காமல் போனது. மறுநாள்தான் மீஹால் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். மார்ச் மாதம் அவை விதிகள் திருத்தப்பட்டு, இத்தகைய உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி நேரம் ஒதுக்கப்பட்டது. அதுவும் கடும் அமளிக்கு நடுவில்தான் நடந்தது. எட்டு நிமிடத்துக்காக இத்தனை போராட்டமா என்று கேட்கலாம். பிரதமரை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் எட்டு நிமிடம் அது.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. கேள்வியைச் சுற்றி வளைத்துத் தவிர்க்கும் பதில்கள் அங்கும் உண்டு. செய்தியில் இடம்பிடிக்கவே பேசும் பேச்சுகளும் உண்டு. ஆயினும் கேட்டதும் சொன்னதும் வரிக்கு வரி பதிவாகி, எவரும் எடுத்துப் படிக்கும் வகையில் இருக்கின்றன. இன்று தவிர்த்த பதிலை நாளை யாராவது எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்த முறை டப்ளினிலிருந்து ஒரு காணொளி நம் கைப்பேசிக்கு வந்தால், பகிர்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வோம்: பேசுபவர் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார், அந்த நாளில் பிரதமர் சொன்ன பதில் என்ன, அது வெறும் பேச்சா, தீர்மானமா, சட்டமா. நாம் அனுப்பும் செய்தியை நம்பிப் படிப்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.