வென்ற படை ஏன் திரும்பியது? கனகபுரச் சாலையும் 1791ஆம் ஆண்டும்

பெங்களூரிலிருந்து கனகபுரச் சாலையில் தெற்கே சென்று, பீமேஸ்வரி, காலிபோரே போன்ற காவிரிக்கரை முகாம்களில் கூடாரத்தில் தங்கித் திரும்புவது இன்று வார இறுதிப் பழக்கம். இதே சாலையில் 1791 மே மாதத்தில் ஒரு பெரும்படை இடத்துக்கு இடம் பாளையமிறங்கிக் காவிரியை நோக்கிச் சென்றது. அதன் தலைவர் கார்ன்வாலிஸ்; இலக்கு திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம்.

மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டை கும்பினிப் படையிடம் வீழ்ந்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நேர்வழி சென்னபட்டணம் வழியாகச் செல்வது. ஆனால் அவ்வழியை ராமகிரி, சிவனகிரி முதலிய மலைக்கோட்டைகள் காத்து நின்றன. எனவே கார்ன்வாலிஸ் தெற்கே சுற்றிச் செல்லும் கனகபுர வழியைத் தேர்ந்தார். திப்புவின் பதில் பீரங்கியால் அமையவில்லை. வழியிலிருந்த ஊர்களும் தானியமும் வைக்கோலும் அழிக்கப்பட்டன. பகைவருக்குப் பயன்படாதிருக்கக் கனகபுரமே பாழாக்கப்பட்டது.

மே 13 அன்று படை காவிரிக்கரையில் உள்ள அரகெரேயை அடைந்தது. வெள்ளப்பெருக்காலும் பாறைப் படுகையாலும் அங்கே ஆற்றைக் கடக்க இயலவில்லை. 15ஆம் நாள் நடந்த போரில் திப்புவின் படை கோட்டைக்குப் பின்வாங்கியது. வெற்றி கும்பினிக்கே. எனினும் அடுத்த பதினொரு நாள்களுக்குள் வென்ற படை பெங்களூரை நோக்கித் திரும்பத் தொடங்கியது.

காரணம் மாடுகள். முற்றுகைப் பீரங்கிகளை இழுத்தவையும் அரிசி மூட்டைகளைச் சுமந்தவையும் அவையே. தீவனமின்றி அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஆற்றைக் கடக்க மேற்கே கண்ணம்பாடி வரை சென்றபோது, பீரங்கிகளை வீரர்களே இழுக்க நேர்ந்தது. மே 22 அன்று அப்பீரங்கிகள் அங்கேயே தகர்க்கப்பட்டன. 26ஆம் நாள் திரும்பும் வழியில் மராட்டியப் படை எதிர்ப்பட்டது. அதனுடன் வந்த கடைவீதியில் உயர்ந்த விலைக்கு வாங்கிய தானியமே பசித்த படையைக் காத்தது.

கார்ன்வாலிஸ் கற்ற பாடம் அடுத்த படையெடுப்பில் தெரிகிறது. அவர் முதலில் கைப்பற்ற முனைந்தது தலைநகரை அன்று, வழியை. 1791 டிசம்பர் 21 அன்று சாவனதுர்க்கம் வீழ்ந்தது. தானியம் சுமந்த லம்பாடிகளின் பொதிமாட்டு வரிசைகள் அச்சமின்றி வரும் நிலை உருவான பின்னரே, 1792 பிப்ரவரியில் படை மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் நின்றது. மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார்.

இப்போரை விவரிக்கும் நூல்கள் பெரும்பாலும் படைத்தலைவர்களின் முடிவுகளையே பின்தொடர்கின்றன. மாட்டுக்காரரும் லம்பாடிகளும் அவற்றில் எண்ணிக்கையாகவோ குறையாகவோ மட்டுமே வருகின்றனர். ஆயினும் மே 15இன் வெற்றியைப் பயனற்றதாக்கியதும், பிப்ரவரியின் முற்றுகையை இயலச் செய்ததும் அவர்களது உழைப்பின் இன்மையும் இருப்புமே. படைவழிகளை ஆராயும் மாணவர் கோட்டைகளைக் குறிப்பதற்கு முன் வைக்கோல் கிடைத்த இடங்களைக் குறிப்பது நலம்.

பீரங்கிகள் தகர்க்கப்பட்ட கண்ணம்பாடியில் 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணையின் பணி தொடங்கிற்று. 1974 முதல் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஹாரோஹள்ளி, தாதகுணி நீரேற்று நிலையங்கள் வழியாகக் காவிரி நீர் பெங்களூருக்கு ஏறிவருகிறது. அன்று படை இறங்கிச் சென்ற திசைக்கு நேரெதிராக, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவும் 500 மீட்டர் உயரமும் கடந்து வரும் அந்நீரும் இதே கனகபுர வழியையே சார்ந்துள்ளது. வழங்கல் தடைப்பட்டால் என்ன நேரும் என்ற 1791இன் கேள்வி இன்று ஒரு நகரத்தின் கேள்வி.