பனியில் ஓடிய பூட்ஸ்

பாட்டா செருப்பு போடாத கால் நம் ஊரில் குறைவு. ஏதோ கல்கத்தாப் பக்கத்துக் கம்பெனி என்றுதான் ரொம்பப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. அதன் பூர்வீகம் செக் மண்ணில் இருக்கும் ஸ்லின் என்கிற ஊர். 1894-ல் தாமஸ் பாட்டா அங்கே சின்ன அளவில் தொடங்கிய தொழில், பிறகு ஊரையே வளைத்துப் போட்ட தொழிற்சாலை ஆனது. அங்கே வேலை பார்த்த ஒரு பையனைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

பெயர் எமில் ஜாட்டோபெக். பிறந்தது 1922, செப்டம்பர் 19. ஓட்டத்தில் ஆசை என்று எதுவும் கிடையாது. 1941-ல் தொழிற்சாலைப் பையன்களுக்கு ஓர் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். நீயும் ஓடு என்றார்கள். எனக்கு உடம்பு சரியில்லையே என்று நழுவப் பார்த்தான். டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, உனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். பாவி மனுஷர்! வேறு வழியில்லாமல் ஓடியவன், நூறு பேரில் இரண்டாவதாக வந்தான். அதோடு பிடித்துக்கொண்டது பைத்தியம்.

உலகப்போர் முடிந்து 1945-ல் ராணுவத்தில் சேர்ந்தார். (ராணுவ அதிகாரியாகப் போகிறவர். இனி மரியாதை கொடுத்துவிடுவோம்.) பகல் முழுக்க டியூட்டி. ஓட நேரம் கிடைப்பதே ராத்திரியில்தான். போதாக்குறைக்குப் பனிக்காலம் வேறு. பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும். ஓடுபாதை இருக்கும் இடமே தெரியாமல் வெள்ளையாக மூடிவிடும். அந்நாளில் பல ஓட்டக்காரர்கள் வசந்தம் வரட்டும் என்று பயிற்சியைக் குறைத்துக்கொள்வார்கள். ஜாட்டோபெக் என்ன செய்தார் தெரியுமா? கனத்த ராணுவ பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு டார்ச் லைட்டோடு காட்டுக்குள் ஓடினார்.

பார்த்தவர்கள் கிறுக்கு என்றார்கள். ஆனால், கணக்குப் போட்டுத்தான் செய்தார் மனிதர். பனியில் காலை ஊன்றினால் புதையும். பிடுங்கி எடுத்துத்தான் அடுத்த அடி. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை மேலே தூக்கியாகவேண்டும். கூடவே பூட்ஸின் கனம். குளிர்காற்று நெஞ்சுக்குள் போய் அறுக்கும். இத்தனையையும் நான்கு மாதம் தாங்கிய கால், வசந்த காலத்தில் லேசான ஷூவை மாட்டிக்கொண்டு காய்ந்த தரையில் இறங்கினால் எப்படி இருக்கும்? பந்தய நாள் அவருக்கு லீவு நாள் மாதிரி!

பயிற்சி முறையும் விசித்திரம்தான். 400 மீட்டர் வேகமாக ஓடவேண்டும். பிறகு கொஞ்ச தூரம் மெதுவாக. மறுபடி 400 வேகமாக. இப்படி 40 தடவை. வேகமாக ஓடியது மட்டுமே 16 கிலோமீட்டர். பின்னாட்களில் ஒரே நாளில் 100 தடவை வரைக்கும் போனார். அதாவது 40 கிலோமீட்டர். முழு மாரத்தானே 42.195தான். வெளியே போக முடியாத நாளில், குளியல் தொட்டியில் அழுக்குத் துணியைப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடினார் என்று ஒரு கதை உண்டு. அவர் மனைவி டானா சந்தோஷப்பட்டாரா, தலையில் அடித்துக்கொண்டாரா, தெரியவில்லை.

1952. ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். கிளம்பும் நேரத்தில் ஒரு சிக்கல். சக ஓட்டக்காரர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த்தின் அப்பா அரசியல் கைதி. அதனால் மகனுக்கு அனுமதி இல்லை என்றது அரசாங்கம். அப்படியானால் நானும் போகவில்லை என்று விமானம் ஏறாமல் நின்றுவிட்டார் ஜாட்டோபெக். கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கிற நாடு. இவரோ ராணுவ அதிகாரி. இதற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கிடைத்திருக்கலாம். கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. இரண்டு பேரும் போனார்கள். தங்கப் பதக்கங்களைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஜூலை 20 அன்று 10,000 மீட்டரில் தங்கம். 24 அன்று 5,000 மீட்டரில் தங்கம். அன்றைக்கே டானாவுக்கும் ஈட்டி எறிதலில் தங்கம். (இந்த அம்மாள் பிறந்ததும் அதே 1922, செப்டம்பர் 19!) 27 அன்று மாரத்தான். அதற்குமுன் ஜாட்டோபெக் ஒரு மாரத்தான் பந்தயத்தில்கூட ஓடியது இல்லை.

அதனால் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸை ஒட்டிக்கொண்டார். முந்தைய மாதம்தான் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலகத்தை அசத்தியவர் பீட்டர்ஸ். பாதி வழியில் அவரிடம் போய், இந்த வேகம் சரிதானா என்று அப்பாவியாகக் கேட்டார் ஜாட்டோபெக். ஏற்கெனவே களைத்திருந்த பீட்டர்ஸ், ஆளைக் கலைத்துவிடலாம் என்று, ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று சொல்லிவைத்தார். ஜாட்டோபெக் அதை அப்படியே நம்பி வேகமெடுத்துப் போயேவிட்டார்! பீட்டர்ஸுக்குச் சுமார் 32-வது கிலோமீட்டரில் தசை பிடித்துக்கொண்டது. பாதியில் விலகினார். ஜாட்டோபெக், வழக்கம்போல முகத்தைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. 2 மணி 23 நிமிடம் 3 விநாடி. ஒலிம்பிக் சாதனை. அடுத்து வந்த அர்ஜென்டினாவின் கோர்னோவுக்கும் அவருக்கும் இடையே இரண்டரை நிமிடம்.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தன. கர்னல் ஜாட்டோபெக் தெருவில் இறங்கி எதிர்த்துப் பேசினார். இம்முறை அரசாங்கம் இறங்கி வரவில்லை. கட்சியை விட்டு நீக்கினார்கள். ராணுவ வேலையும் போனது. நிலத்தில் துளைபோட்டு மண் பரிசோதிக்கும் குழு ஒன்றில் கூலி வேலை கிடைத்தது. வருஷக்கணக்கில் வண்டிக்கூடாரத்தில் வாசம். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். 1971-ல், தான் பேசியதெல்லாம் தவறு என்று ஓர் அறிக்கையும் விட்டார். நண்பர்கள் சிலர் அதை மன்னிக்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராணுவ அமைச்சர் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 1990-ல். அப்போது அவருக்கு வயது 67.