ரிஃப்ளெக்சாலஜி தொழிலறத்தின் வரலாறு: மூன்று மறுப்புகளும் ஒரு பாத வரைபடமும்

முன்னுரை

பாதங்களிலும் கைகளிலும் குறிப்பிட்ட இடங்களை விரல்களால் அழுத்தும் முறை ரிஃப்ளெக்சாலஜி எனப்படுகின்றது. மேலைநாடுகளில் இது தனித்தொழிலாக வளர்ந்தபோது தனக்கெனச் சில நெறிமுறைகளை வகுத்துக்கொண்டது. அவற்றின் மையத்தில் மூன்று மறுப்புகள் உள்ளன: நோயறிதல் செய்வதில்லை, மருந்து பரிந்துரைப்பதில்லை, குறிப்பிட்ட நோய்க்கெனச் சிகிச்சை அளிப்பதில்லை. ஒரு தொழில் தன்னைச் செய்யாதவற்றால் வரையறுத்துக்கொள்ள நேர்ந்தது ஏன் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது. (உளவியலில் பெக்தெரேவ் இதே சொல்லை ஆண்டிருப்பினும் அதற்கும் இம்முறைக்கும் தொடர்பில்லை.)

மருத்துவரிடமிருந்து மருத்துவரல்லாதவரிடம்

இம்முறையின் முன்னோடி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராகப் பணிபுரிந்த வில்லியம் எச். ஃபிட்ஸ்ஜெரால்டு (1872–1942). அவர் உடலை நெடுக்குவாட்டில் பத்து மண்டலங்களாகப் பகுத்து, ஒரு மண்டலத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் அதே மண்டலத்தின் வேறிடத்தில் வலியைத் தணிக்கும் எனக் கருதினார். 1917இல் எட்வின் பௌவர்ஸ் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூல், இல்லத்திலேயே வலி தணிக்கும் வழியைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க முற்பட்டது. சீப்பு, ரப்பர் வளையம், துணி உலர்த்தும் கவ்வி ஆகியன அதன் கருவிகள். பேறுகால வலிவரை அந்நூலின் உரிமைகோரல்கள் விரிந்தன. அதில் தயக்கம் ஏதும் காணப்படவில்லை. எழுதியவர் மருத்துவர், நோயறிதலும் சிகிச்சையும் சட்டப்படியே அவருக்குரியவை. எனவே மறுப்புரை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நிலைமையை மாற்றியவர் யூனிஸ் இங்ஹாம் (1889–1974). ஃபிட்ஸ்ஜெரால்டின் கருத்துகளை வளர்த்த ஜோ ஷெல்பி ரைலி என்னும் மருத்துவரிடம் பணியாற்றிய இவர், பத்து மண்டலங்களைப் பாதத்தில் குவித்து, கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் முதலிய ஒவ்வோர் உறுப்பிற்கும் ஓரிடம் குறித்தார். பாதங்கள் சொல்லக்கூடிய கதைகள் என்ற பொருளில் தலைப்பிட்ட அவரது நூல் 1938இல் வெளிவந்தது. தலைப்பே ஒரு நோயறிதல் கோட்பாடு என்பது கருதத்தக்கது. கதை சொல்வது பாதம், அதைப் படிப்பவர் தொழிலர். ஆயினும் இங்ஹாம் மருத்துவர் அல்லர். அவர் நாடெங்கும் பயணம் செய்து பயிற்றுவித்தோரிலும் மருத்துவரல்லாதோர் பலர். மருத்துவ உரிமமின்றிச் சிகிச்சை அளிப்பது அமெரிக்க மாநிலங்களில் குற்றம். மூன்று மறுப்புகளின் தோற்றுவாய் இவ்விடத்திலேயே உள்ளது என்பது என் கருத்து. அவை அறச்சிந்தனையிலிருந்து முதலில் பிறந்தவை அல்ல. சட்டத்தின் எல்லைக்கோட்டிலிருந்து பிறந்து, பின்னரே அறமாகப் பயிற்றுவிக்கப்பட்டவை. ‘சிகிச்சை’ என்று பொருள்தரும் சொல்லை முறையின் பெயரிலிருந்து நீக்க இயன்முறை மருத்துவர்களின் எதிர்ப்பே காரணம் என்று இத்துறையினரின் வரலாற்றுரைகள் கூறிவருவதும் இதனோடு இயைகின்றது.

ஜெர்மனி இதற்கு நல்லதோர் ஒப்பீடு. அங்கு 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவரோ அரசு அனுமதி பெற்ற இயற்கைவழிக் குணமளிப்பவரோ அன்றிப் பிறர் நோய்க்குச் சிகிச்சை அளித்தல் இயலாது. இங்ஹாமிடம் இம்முறையைக் கற்றுத் தம் நாட்டில் பரப்பிய ஹன்னே மார்க்வார்ட், செவிலியர், இயன்முறை மருத்துவர் போன்ற மருத்துவப் பயிற்சி உடையோருக்கே அதனைக் கற்பித்தார். எல்லையை வாக்கியத்தால் வரைவதற்கு மாறாக, நுழைவாயிலிலேயே வரைந்த முறை அது. பிரிட்டனில் டோரீன் பெய்லி 1960களில் தொடங்கிவைத்த மரபோ அமெரிக்க வழியைப் பின்பற்றிப் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது.

மசாஜ் சட்டங்களும் காலுறையும்

மருத்துவச் சட்டம் ஒருபுறம் நெருக்க, மறுபுறம் மசாஜ் நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் நெருக்கின. பாலியல் தொழிலைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் அமெரிக்க நகரங்கள் பல இயற்றிய விதிகள் ரிஃப்ளெக்சாலஜி தொழிலரையும் உள்ளடக்கின. பயனாளர் காலணியும் காலுறையும் மட்டுமே கழற்றுவார். ஏனைய உடை அனைத்தும் அணிந்திருப்பார் என்ற விதி தொழில்நெறிகளில் அழுத்தம் பெற்றது இப்பின்னணியில்தான். 1991இல் அமெரிக்க ரிஃப்ளெக்சாலஜி சான்றளிப்பு வாரியமும், 1995இல் அமெரிக்க ரிஃப்ளெக்சாலஜி சங்கமும் தோன்றின. மசாஜிலிருந்து வேறான தொழில் என்ற ஏற்பைப் பெறுவது இயக்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. வடக்கு டகோட்டா, நியூ ஹாம்ப்ஷயர், வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களே தனி ஒழுங்குமுறை கண்டன.

இசைவுப் படிவமும் சுவர் வரைபடமும்

இன்றைய நெறிமுறைகள் விரிவானவை: முதல் வருகையில் உடல்நல வரலாறு பதிதல், எழுத்துவழி இசைவு, மறைகாப்பு, கட்டணத்தை முன்கூட்டி அறிவித்தல், காலில் ஆழ்சிரைக் குருதியுறைவு ஐயம் இருப்பின் தொடாமல் மருத்துவரிடம் அனுப்புதல், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லாமை. இவற்றுள் பெரும்பாலானவற்றில் விவாதத்திற்கு இடமில்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இசைவுப் படிவம் நோயறிதல் இல்லை என்கின்றது; அதே அறையின் சுவரில் தொங்கும் வரைபடம் கல்லீரலைப் பாதத்தில் காட்டுகின்றது. அவ்விடத்தில் வலியுணர்ந்தவரிடம் தொழிலர் யாது கூறுவார்? ‘கல்லீரல் புள்ளி மென்மையாக உள்ளது’ என்பது நோயறிதல் அன்று என இலக்கணப்படி வாதிடலாம். கேட்பவர் செவியில் அது நோயறிதலாகவே விழும். இருவகைத் தீங்கு இதனால் நேரலாம்: இல்லாத நோய்க்கு அஞ்சுதல், புள்ளி வலிக்காமையால் உள்ள நோயைப் புறக்கணித்தல். இரண்டாவதே கொடியது. மௌனம்கூட இங்குச் செய்தியாகிவிடுகின்றது.

சான்றுகளின் நிலை இச்சிக்கலைக் கூர்மையாக்குகின்றது. எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009இல் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளைத் திறனாய்ந்து, எந்த நோய்க்கும் இம்முறை பயனளிப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு கண்டார். ஆஸ்திரேலிய அரசு, இயற்கைவழி முறைகள் குறித்த மறுஆய்வின் தொடர்ச்சியாக, 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் உடல்நலக் காப்பீட்டுப் பயன்களிலிருந்து ரிஃப்ளெக்சாலஜி உள்ளிட்ட பதினாறு முறைகளை நீக்கியது. பிரிட்டனில் 1939ஆம் ஆண்டுப் புற்றுநோய்ச் சட்டம் அந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. விளம்பர நெறிக் குழுவோ தளர்வு, நல்லுணர்வு போன்ற மென்மையான கூற்றுகளையே அனுமதிக்கின்றது. ஆக, விளம்பரத்தில் உறுப்புகளைச் சொல்லலாகாது; பாடத்திட்டத்திலோ உறுப்புகளே அடிப்படை. தொழிற்சங்கங்கள் இம்முரணைத் தீர்க்கவில்லை. நெறிமுறையின் மொழிக்குள் அதனை ஒத்திவைத்துள்ளன. தளர்வளிக்கும் பாதப்பணி என்று மட்டும் கூறிக்கொண்டால் தொழில் நேர்மையாக நிலைபெறும். ஆயின் வரைபடத்தின் அதிகாரம் போய்விடும். அதிகாரம் போனால் கட்டணமும் குறையலாம் என்ற அச்சம் இயல்பானதே.

தமிழ்ச் சொல்லாட்சி

இதே முரண் தமிழில் மேலும் வெளிப்படையாகின்றது. இம்முறை தமிழில் ‘பாத அழுத்த சிகிச்சை’ என்றே பெரிதும் வழங்குகின்றது. மூலமொழியில் கவனமாக விலக்கப்பட்ட சொல், மொழிபெயர்ப்பில் பெயரிலேயே வந்து அமர்ந்துவிட்டது. வருபவரை ‘நோயாளி’ என்றும், செய்பவரைச் ‘சிகிச்சையாளர்’ என்றும் கூறுவது அதன் தொடர்ச்சி. மூன்றாம் மறுப்பைத் தமிழில் எழுதினால், சிகிச்சையாளர் சிகிச்சை அளிப்பதில்லை என்றாகின்றது. ‘பாத அழுத்தமுறை’, ‘பயனாளர்’, ‘பயிற்சியர்’ போன்ற சொற்கள் புதியன அல்ல. வருகைப் பதிவேட்டின் தலைப்பிலும் இசைவுப் படிவத்தின் முதல் வரியிலும் அவற்றை இடுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.