மலைநாட்டு மோட்டாரும் அதன் உள்மூச்சும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கோப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். துரைமாரின் பங்களாக்களைப் பற்றி எழுதினார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறிய நம் முன்னோரைப் பற்றியும் பின்னாளில் எழுதத் தொடங்கினார்கள். ஆயினும், அந்த முன்னோர் வெட்டிக் கொடுத்த பாதைகளில் ஏறி இறங்கிய மோட்டார் வாகனங்களைப் பற்றி, அதிலும் அவற்றின் எஞ்சினுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் நடந்த காரியங்களைப் பற்றி, அதிகமாக எவரும் பேசியதில்லை. மலைநாட்டுப் போக்குவரத்தின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட காலத்தில் மலைநாட்டுச் சரக்கு பெரும்பாலும் மாட்டுவண்டியில்தான் இறங்கிற்று. புகைவண்டி 1884இல் ஹற்றனையும் அதற்கடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. ஆனால் புகைவண்டிப் பாதை மலைமுகடுகளை வளைத்துச் செல்ல, தோட்டங்களோ பள்ளத்தாக்குகளின் ஆழத்திலும் சிகரங்களின் தோளிலும் சிதறிக் கிடந்தமையால், ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஸ்டேஷன் வரையுள்ள அந்தச் சில மைல்களே எப்போதும் கஷ்டமான மைல்களாக இருந்தன. வண்டிமாடுகளிடமிருந்து அந்தப் பாரத்தைக் காலப்போக்கில் லொறி ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன்பே தோட்டங்களுக்குள் எஞ்சின் வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நீர்ச்சக்கரத்துக்கும் நீராவிக்கும் பின்னர், கொழுந்து அரைக்கும் உருளைகளைச் சுழற்றுவதற்காக, இங்கிலாந்தில் செய்யப்பட்ட எண்ணெய் எஞ்சின்கள் ஸ்டோர்களில் நிறுத்தப்பட்டன. அவ்வகைப் புராதன எஞ்சின்களைக் கண்டிக்கு அருகே ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கிடைமட்டமாகப் படுத்திருக்கும் அந்தப் பழைய எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் தண்டு சுழலும் இடம் திறந்தே இருக்கும். பிஸ்டனைத் தாண்டிக் கசியும் புகை நேரே எஞ்சின் அறையில் கலந்து, கூரையின் இடுக்கு வழியே போய்விடும். அறை நாறுமேயன்றி எஞ்சினுக்கு அதனால் கேடில்லை. கிராங்க் தண்டை ஓர் இரும்புப் பெட்டிக்குள் முழுவதும் அடைத்து, அதன் அடியில் எண்ணெயைத் தேக்கி, வேகமாகச் சுழலும் சிறிய எஞ்சினை வண்டியில் ஏற்றியபோதுதான், புகை போக வழியின்றி உள்ளேயே அடைபடும் பிரச்சினை பிறந்தது.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருப்பினும், சிலிண்டர்ச் சுவரோடு முற்றிலும் பொருந்திவிடுவதில்லை. எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றின் இடுக்கினூடே நழுவிக் கீழே அந்த இரும்புப் பெட்டியாகிய கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. அதில் எரியாத எரிபொருளும் உண்டு, கரியும் உண்டு, நீராவியும் உண்டு. இறங்கிய வாயு வெளியேற வழியில்லையெனில், இறுக மூடிய பானையில் உலை கொதிக்கையில் ஆவி மூடியைத் தூக்குவதுபோல, உள்ளே சேரும் அமுக்கம் எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே எண்ணெயை வெளியே தள்ளிவிடும்.

ஆதி மோட்டார்களில் இதற்குக் கண்ட பரிகாரம் மிக எளியது. கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாயைக் கீழ்நோக்கி இறக்கி, அதன் நுனியைச் சாய்வாக வெட்டிவிடுவார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த நுனியில் ஓர் இழுவிசையை உண்டாக்கி உள்ளிருக்கும் புகையை உறிஞ்சிவிடும். சமவெளியில் விரைந்தோடும் வண்டிக்கு இது போதுமானது. ஆனால் புஸ்ஸல்லாவையைத் தாண்டி ரம்பொடை வளைவுகளில், தேயிலைப் பெட்டிகளோ அரிசி மூட்டைகளோ நிறைந்த லொறி முதலாம் கியரில் முக்கி முனகி ஏறும்போது நிலைமை என்னவாகும்? எஞ்சின் தன் சக்தி முழுவதையும் செலவழிப்பதால் கசிவு உச்சத்தில் இருக்கும்; வண்டியோ ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்றே மேலாக நகர்வதால் குழாயின் நுனியில் இழுப்பதற்குக் காற்றே இராது. எந்த நேரத்தில் மூச்சு மிகவும் வேண்டுமோ அந்த நேரத்திலேயே அது நின்றுபோகும். பழைய மலை லொறிகளின் அடிவயிறெல்லாம் எண்ணெய் பூசிக் கிடந்ததற்கும், ஏற்றத்தில் சாரதியின் கால்மாட்டில் எரிந்த எண்ணெயின் நெடி எழுந்ததற்கும் இது ஒரு பெரிய காரணமாகும்.

இரண்டாம் உலகப் போரில், நீர்நிலைகளைக் கடக்கும் ராணுவ வாகனங்களின் குழாய் வழியே தண்ணீர் உள்ளே புகாதிருக்க, அந்தப் புகையை வெளியே விடாமல் எஞ்சினே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடு கையாளப்பட்டது. பின்னர் நகரங்களின் காற்று கெடுவதைத் தடுக்கும்பொருட்டு, 1961ஆம் ஆண்டு மாடல்கள் முதல் கலிபோர்னியாவில் விற்ற கார்களிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதிலும் இவ்வேற்பாடு இடம்பெற்றது. பெட்ரோல் எஞ்சினின் உள்ளிழுக்கும் குழாயில் இயல்பாகவே அமுக்கம் குறைந்திருக்கும். ஒரு சிறு வால்வின் மூலம் கிராங்க் அறையை அதனோடு இணைத்துவிட்டால், வண்டி நின்றாலும் நகர்ந்தாலும் புகை இழுபட்டு மறுபடியும் எரிந்துவிடும்.

இனி, உயரத்தின் சங்கதிக்கு வருவோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே கொழும்பில் நூறு குதிரைவலு காட்டும் சாதாரண எஞ்சின் அங்கே எண்பதுக்குச் சற்று மேலாகவே காட்டும். இந்த நஷ்டத்தை மலைநாட்டில் பகிரங்கமாக அளந்து காட்டிய இடம் ஒன்று உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்தேறும் பாதையில் 1934 முதல் நடைபெற்றுவரும் மலையேற்ற மோட்டார்ப் போட்டியே அது. சித்திரைக் காலத்தில் நகரம் விழாக்கோலம் பூணும்போது, கொழுந்துச் செடிகளுக்கு நடுவே, வண்டிகள் தனித்தனியாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போராடி மேலேறும். நானுஓயாவுக்கு அருகே ராதெல்லையிலும் இத்தகைய போட்டி நடந்துவந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் லயத்துப் பிள்ளைகள் பாதையோரத்தில் நெருக்கியடித்து நின்று பார்த்த இந்தப் போட்டிகள், மலைநாட்டில் பல இளைஞர்களுக்கு எஞ்சின் வித்தையின் முதற்பாடமாக அமைந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

மெலிந்த காற்றுக்குப் பரிகாரம் சுவிட்சர்லாந்து தேசத்தவரான அல்பிரட் பூகி என்னும் என்ஜினியர் 1905இல் பதிவு செய்த யோசனையில் இருந்தது: வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டுவது. டர்போ எனப்படும் அந்த ஏற்பாடு, விற்பனைக் கார்களில் 1962இல்தான் அமெரிக்காவில் தோன்றியது. 1992இல் ஜப்பானில் லான்சர் எவொலூஷன், இம்ப்ரெசா டர்போ என்னும் கார்கள் வெளிவந்த பின்னர் அவ்வினத்து வண்டிகள் நமது மலைப் போட்டிகளுக்கும் வந்து சேர்ந்தன. 1977இல் இறக்குமதி தளர்ந்த பிறகு ஜப்பானிலிருந்து பெருகி வந்த பாவித்த வாகனங்களோடு டர்போ டீசல் வான்களும் ஜீப்புகளும் ஹற்றன், தலவாக்கலைத் தெருக்களில் சகஜமாயின.

உயரம் பறித்த பலத்தை டர்போ திருப்பிக் கொடுத்தது மெய்யே. ஆனால் மெலிந்த காற்றில் சிலிண்டரின் அமுக்கம் குறைந்திருந்தபோது கசிவும் குறைந்திருந்தது. பலத்தைத் திருப்பித் தந்த டர்போ, கசிவையும் வட்டியோடு திருப்பித் தந்தது. அது மட்டுமா? பெட்ரோல் எஞ்சினில் இதுவரை புகையை உறிஞ்சிவந்த அதே உள்ளிழுக்கும் குழாயில், டர்போ ஊதும் வேளையில், அமுக்கம் வெளிக்காற்றைவிட மிகுந்துவிடுகிறது. அப்போது அந்தச் சிறு வால்வு ஒருவழிக் கதவாக இறுக மூடிக்கொள்ளவேண்டும். மூடாவிட்டால் டர்போ ஊதும் காற்று தலைகீழாகக் கிராங்க் அறைக்குள் பாயும். புகையோ, வேறொரு குழாய் வழியே, காற்றுச் சல்லடைக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள, சற்றே அமுக்கம் குறைந்த இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஏற்றத்தில் ஒரு வழி, இறக்கத்தில் மற்றொரு வழி என்று, ஒரே பிரயாணத்தில் பலமுறை இந்தச் சுவாசம் திசை மாறுகிறது. டர்போவைக் குளிர்விக்கும் எண்ணெயும் தன் பாரத்தாலேயே கிராங்க் அறைக்கு வடிகிறது. அங்கே அமுக்கம் கூடியிருந்தால் வடிய இடமின்றித் தேங்கி, டர்போவின் சீலைக் கடந்து, புகைக்குழாயில் நீலப்புகையாக வெளிப்படுகிறது. இதைக் கண்டு டர்போ கெட்டுவிட்டதென்று எண்ணிப் பெரும் பணம் கொடுத்துப் புதிது மாற்றியவர்கள் அநேகர். உண்மையில் அடைபட்டிருந்தது ஒரு றப்பர் குழாய்.

அடைபடுவதற்கு மலைநாட்டுச் சீதோஷ்ணமும் துணை. தை மாதத்து விடியலில் உறைபனி வெள்ளையாகப் படியும் நுவரெலியாவில், பங்களாவிலிருந்து ஸ்டோருக்கும் ஸ்டோரிலிருந்து கடைத்தெருவுக்குமாக மட்டும் ஓடும் வண்டி முழுச் சூட்டை அடைவதேயில்லை. வாயுவோடு இறங்கிய நீராவி குளிர்ந்த குழாயில் துளித்து, எண்ணெயோடு கலந்து, மோர் நிறத்தில் ஒரு களியாகிவிடுகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார்த்தால் அது தெரியும். தேர்ந்த மெக்கானிக் பாஸ்மார் எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அந்த மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயில் வைத்துப் பார்ப்பார்கள். மூடி மெல்ல நடுங்கினால் குற்றமில்லை, குதித்து விழுந்தால் உள்ளே அமுக்கம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ரிங் தேய்ந்ததா, குழாய் அடைந்ததா என்பது அதற்குமேல் விசாரிக்கவேண்டியது.

பந்தய வண்டிகளில் இந்தப் புகையை ஒரு சிறு பாத்திரத்துக்குள் செலுத்தி, தடுப்புத் தகடுகளில் மோதவிட்டு, எண்ணெயைப் பிரித்துக்கொள்கிறார்கள். அது நல்ல முறையே; எண்ணெய் கலந்த காற்று, பெட்ரோல் அமுக்கத்தில் தானே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைக் கெடுத்து எஞ்சினைத் தட்டவைக்கும் என்பதால் அவசியமுமாகும். ஆனால் பாத்திரம் குளிரில் விரைவாக நிரம்பும் என்பதை மறக்கலாகாது. குழாயை அறுத்துக் காற்றில் தொங்கவிடும் வழக்கமோ எனக்குச் சம்மதமில்லை. அது எழுபது வருஷங்களுக்கு முந்திய ரம்பொடை லொறியின் நிலைக்கே நம்மைத் திரும்பக் கொண்டுபோய்விடும். மலைநாட்டில் டர்போ வாகனம் வைத்திருப்பவர்கள் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாயையும் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யும்படி கராஜில் கேட்டுக்கொள்ளுங்கள். றப்பர் இறுகியிருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.