வருகையாளர் விசாவும் இடம்பெயர்ந்த எல்லையும்: பிரிட்டன், 1962–1991

குறுகிய காலப் பயணமாக ஒரு நாட்டுக்குச் செல்வோர் முன்கூட்டியே விசா பெற வேண்டும் என்பது இன்று மிகச் சாதாரணமான நிர்வாக நடைமுறையாகத் தோன்றுகிறது. ஆனால் 1980களின் நடுப்பகுதி வரை, உறவினரைக் காணவோ சுற்றுலாவுக்கோ பிரிட்டன் சென்ற இந்தியருக்கும் இலங்கையருக்கும் விசா தேவைப்படவில்லை. அந்த விலக்கு எப்போது, யாரை முன்னிட்டு முடிவுக்கு வந்தது என்ற வினா, நவீன விசாவின் வரலாற்றில் ஈழத் தமிழருக்கு உள்ள இடத்தை வெளிப்படுத்துகிறது.

1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களைப் பிரிட்டிஷ் குடிகளாகவே கருதியது. அவர்கள் அங்கே தடையின்றி நுழையலாம், குடியேறலாம், பணிபுரியலாம். 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடிவரவாளர் சட்டம் இவ்வுரிமையைக் கட்டுப்படுத்தியது. எனினும் அதன் முதன்மை இலக்கு வேலை தேடிக் குடியேறுவோரே. அவர்களுக்காகவே வேலைவாய்ப்புச் சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. 1973 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழும், காமன்வெல்த் வருகையாளர் விசாவின்றிப் பயணம் செய்வது தொடர்ந்தது.

ஆகவே வருகையாளரின் தகுதி லண்டன் ஹீத்ரோ போன்ற நுழைவாயில்களில்தான் பரிசீலிக்கப்பட்டது. கூறிய காலம் மட்டுமே தங்கும் உண்மையான நோக்கம் உண்டா, அரசின் உதவித்தொகையை நாடாமல் செலவுகளை ஏற்க இயலுமா, திரும்பிச் செல்லும் பயணத்துக்கு வழியுண்டா என்று குடிவரவு அதிகாரி கேட்டறிவார். அவருக்கு நிறைவு ஏற்பட்டால் கடவுச்சீட்டில் முத்திரை பதியும்; இல்லையெனில் நுழைவு மறுக்கப்படும். மறுக்கப்பட்டவர் அப்போது பிரிட்டிஷ் மண்ணில் நின்றுகொண்டிருந்தார் என்பதே இங்குக் கவனத்திற்குரியது. வழக்கறிஞரை அணுகவும், நாடாளுமன்ற உறுப்பினரின் தலையீட்டைக் கோரவும், அடைக்கலம் கேட்கவும் அவருக்கு வாய்ப்பு இருந்தது.

1983 ஜூலையில் கொழும்பிலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறைக்குப் பின்னர் நிலைமை மாறியது. இலங்கையும் காமன்வெல்த் நாடு என்பதால், தமிழர் பலர் விசாவின்றி லண்டனில் வந்திறங்கிப் புகலிடம் கோரினர். 1985 மே மாத இறுதியில், லியோன் பிரிட்டன் உள்துறை அமைச்சராக இருந்தபோது, இலங்கைக் குடிமக்கள் புறப்படும் முன்பே விசா பெற வேண்டும் என்ற விதி பிறந்தது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள்மீது பிரிட்டன் விதித்த முதல் விசாக் கட்டாயம் இதுவே.

இவ்விதியின் அமைப்பிலேயே ஒரு முரண் இருந்தது. வருகையாளர் விசாவுக்கு அடிப்படைத் தகுதி, தாயகம் திரும்பும் நோக்கம். உயிருக்கு அஞ்சி வெளியேறுபவர் நேர்மையாகக் கூற இயலாதது அதுவொன்றே. புகலிடம் தேடிப் புறப்படுவோருக்கென்று தனி விசா வகை இல்லை. மறுபுறம், 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரையே அகதி என வரையறுக்கிறது. வெளியேறினால்தான் அகதி, விசா இருந்தால்தான் வெளியேற இயலும், அகதியாகப் போகிறவருக்கோ விசா இல்லை. உடன்படிக்கையின் ஒரு சொல்லையும் திருத்தாமல் அதன் பயனை எட்டாத தொலைவில் வைக்க ஒரு நிர்வாக விதி போதுமானதாயிற்று.

அடுத்த ஆண்டே விதி விரிந்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகிய ஐந்து நாடுகளின் குடிமக்களுக்கும் விசா கட்டாயமாக்கப்படும் என்று 1986 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அறிவித்தார். விமான நிலைய அதிகாரிகளின் பணிச்சுமை காரணமாகக் காட்டப்பட்டது. அக்டோபரில் விதி நடைமுறைக்கு வருமுன் சென்றுவிட முனைந்தோரால் ஹீத்ரோ நிரம்பி வழிந்தது. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய காமன்வெல்த் நாடுகளின் வருகையாளருக்கு அத்தகைய கட்டாயம் வரவில்லை.

விசா விதி தானாகச் செயல்படுவதில்லை. புறப்படும் இடத்திலேயே அதைச் சோதிக்க ஒருவர் வேண்டும். 1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர், செல்லத்தக்க ஆவணங்களின்றி ஹீத்ரோவை அடைந்தனர். திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முற்பட்டபோது, அவர்களுள் சிலர் ஓடுதளப் பகுதியிலேயே ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அடுத்த சில வாரங்களில் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து, அவ்வாண்டே சட்டமாயிற்று. உரிய ஆவணமோ விசாவோ இல்லாத ஒவ்வொரு பயணிக்கும், அவரை ஏற்றிவந்த நிறுவனம் 1,000 பவுண்டு செலுத்த வேண்டும். 1991இல் இத்தொகை இரட்டிப்பானது. இதன்மூலம் விமான நிறுவனத்தின் முகப்புப் பணியாளரே எல்லைக் காவலரானார். அகதிச் சட்டத்தில் பயிற்சியற்ற அவருடைய மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு ஏதுமில்லை.

எல்லையைக் கடந்து வந்துவிட்டவரையும் விசாவின்மை விடவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, நுழைவாயிலில் மறுக்கப்பட்டவர் பிரிட்டனில் இருந்தவாறே மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், முன்கூட்டியே பெற்ற நுழைவு அனுமதியோ வேலை அனுமதியோ அவரிடம் இருக்க வேண்டும். மற்றவர் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரே முறையிடலாம். 1987 டிசம்பரில் சிவகுமாரன் வழக்கில், அகதியின் அச்சம் புறநிலை ஆதாரத்தால் நிறுவப்பட வேண்டும் என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதையடுத்து 1988 பிப்ரவரியில் தமிழர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஐவரின் மேல்முறையீடு, அவர்கள் இலங்கையில் இருந்த நிலையில் பிரிட்டனில் விசாரிக்கப்பட்டது. அவர்களின் அச்சம் நியாயமானதே என 1989இல் நடுவர் முடிவு செய்தார். அவர்கள் பிரிட்டன் திரும்பினர். எனினும் 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வில்வராஜா வழக்கில், அவர்களை அனுப்பியது உடன்படிக்கை மீறல் அன்று எனத் தீர்ப்பளித்தது. அஞ்சிய நாட்டுக்கே திரும்பிச் சென்று, அங்கிருந்தபடி அச்சத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்த ஏற்பாட்டை அத்தீர்ப்பு அசைக்கவில்லை.

விசாவின் வரலாற்றை இறையாண்மையின் வரலாறாக மட்டும் எழுதுவது வழக்கம். ஒரு நாடு தன் வாயிலைக் காப்பது அதன் உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1985 முதல் 1987 வரை நிகழ்ந்தது வாயிலைக் காப்பது மட்டுமன்று. வாயிலையே கொழும்புக்கு நகர்த்தியதாகும். ஹீத்ரோவில் மறுக்கப்பட்டவரைப் பற்றி வழக்கும் தீர்ப்பும் ஆவணமும் எஞ்சியுள்ளன. புறப்படும் விமான நிலையத்தின் முகப்பிலேயே திருப்பப்பட்டவரைப் பற்றிய பதிவைத் தேடுவது அரிது. வருகையாளர் விசாவின் வரலாற்றை எழுதுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது அந்த வெற்றிடத்தையே.