ரேடியோ நெல்லும் என் டேஷ்போர்டும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ தாத்தாகிட்ட கொஞ்சம் பீத்திக்கிட்டேன். விளம்பரத்தை ரெண்டு விதமா விட்டு, எதை ஜனங்க கிளிக் பண்றாங்கன்னு பார்த்து, மறுநாளே மாத்திடுவோம்னு. "ரேடியோ நெல்லு வந்தப்பவே இதெல்லாம் பார்த்தாச்சுடா"ன்னு சிரிச்சார்.

அது ஏடிடி 27. ஆடுதுறையில் உருவான, சுமார் 105 நாளில் விளையும் குறுவை ரகம். 1960-களின் நடுவில் திருச்சி வானொலி இதைப் பத்தி விடாம பேசினதால, தஞ்சாவூர் விவசாயிங்க வச்ச பேரு ரேடியோ நெல்.

இதுக்கெல்லாம் ஒத்திகை 1956-ல் பூனாவில் நடந்திருக்கு. யுனெஸ்கோவோட சேர்ந்து அகில இந்திய வானொலி சுமார் 150 கிராமங்களில் கேட்போர் மன்றம் வச்சது. வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் 20 நிகழ்ச்சி. கேட்டு, விவாதிச்சு, சந்தேகத்தை எழுதி அனுப்பினா அடுத்தடுத்த ஒலிபரப்பில் பதில் வரும். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் மன்றம் இருந்த ஊர், இல்லாத ஊர் ரெண்டையும் முன்னும் பின்னும் ஆய்வு செய்தார். அசல் ஏ/பி டெஸ்ட்தானுங்களே! (கம்ப்யூட்டர் இல்லாம. நான் எக்செல் தொங்கினாலே டீ குடிக்கப் போயிடுவேன்.)

தஞ்சையில் 1960-ல் தொடங்கின பேக்கேஜ் திட்டத்துக்கு இலக்கு மகசூல். விதை, உரம், கடன் எல்லாம் அதுக்காகத்தான். அறுத்தவங்க கூலி? 1968 டிசம்பர் 25 ராத்திரி, அதே மாவட்டத்தில் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிச்சுக் கொல்லப்பட்டாங்க.

"ரேடியோ நெல்லு வந்தப்புறம் நம்ம ஆளுங்களுக்குக் கூலி ஏத்துனீங்களா தாத்தா?"ன்னு கேட்டேன். வெத்தலைப் பெட்டியைத் தேட ஆரம்பிச்சுட்டார்.